பன் வெந்தாச்சு

எங்கள் தெருவில் பத்தொன்பது வீடுகள், ஐந்து கடைகள், ஒரு ரவுட்டர். அந்த ஒரே ரவுட்டர் பேக்கரியின் முன்னறையில், பரணுக்கும் காற்றுப்போக்கிக்கும் நடுவே, மாவுத் தூசி படிந்து வெள்ளையாக உட்கார்ந்திருந்தது. வாங்கியபோது அது கறுப்பு. மற்ற வீடுகளும் கடைகளும் அதைத் தங்கள் சொந்தச் சாமானாகவே பாவித்து வந்தன. மழைக்காலத்தில் சிக்னல் மங்கினால் பேக்கரிக்கு வந்து அதட்டிவிட்டுப் போகிற அளவுக்கு எங்களுக்கு உரிமை இருந்தது.

அந்த ஒயர்லெஸ்ஸின் பெயர் ‘பன் வெந்தாச்சு’. போனைத் திறந்து தேடினால் பட்டியலில் முதலில் அதுதான் நிற்கும். பாஸ்வேர்டு ‘அப்பாகோபம்220’. ஆங்கில எழுத்தில், இடைவெளி விடாமல். பன் வேகிற சூடு இருநூற்றிருபது டிகிரி. அப்பா வேகிற சூடும் அதுவே என்பது அதை வைத்தவனின் ஆய்வு முடிவு. வைத்தவன் பேக்கரிக்காரரின் மூத்த பிள்ளை. வீட்டில் அவன் பெரியவன், தங்கை சின்னவள். தெருவும் அப்படியே கூப்பிட்டுப் பழகிவிட்டது.

புதிதாகக் குடிவருகிறவர்கள் பால்காரரை விசாரிப்பதற்கு முன்னால் பாஸ்வேர்டை விசாரிப்பார்கள். விவரம் தெரியாத சிலர் நேராகப் பேக்கரிக்காரரிடமே போய்க் கேட்டுவிடுவதுண்டு. அவர் மாவிலிருந்து கண்ணை எடுக்காமல், “உள்ளே கேளுங்க” என்பார். உள்ளே அவர் மனைவி இருப்பாள். அவளைவிட இருபது வயது மூத்தவர்களுக்கும் அவள் அக்காதான். அக்கா குரலைத் தாழ்த்தி, கணவர் காதில் விழாதபடி, கேட்டவரின் காதோடு சொல்லுவாள். ஊருக்கே தெரிந்த ஒன்றை அவ்வளவு பயபக்தியோடு ஒளித்துச் சொல்கிறவர்களை நாங்கள் வேறெங்கும் பார்த்ததில்லை.

நான்கு வருடத்தில் அந்தப் பாஸ்வேர்டை வாய்விட்டுச் சொல்லாத ஒரே ஆள் பேக்கரிக்காரர்தான்.

இப்படியே போயிருக்கும். கேக்கில் வந்தது வினை.

சின்னவள் படிப்பை முடித்துவிட்டுக் கடையில் ஒரு புது வேலையைத் தொடங்கியிருந்தாள். கேக்கின் மேல் படம் ஒட்டுவது. சர்க்கரைத் தாள் என்று ஒன்று இருக்கிறது. தின்னக்கூடிய மையில் அதில் படத்தை அச்சடித்து, கேக்கின் மேல் போர்த்தி, ஓரத்தைக் கிரீமால் மறைத்துவிட்டால் போதும், பிறந்தநாள்காரர் தன் முகத்தைத் தானே வெட்டிச் சாப்பிடலாம். அதற்கென்று ஒரு பிரிண்டர் வாங்கி, அதையும் ‘பன் வெந்தாச்சு’வில் சேர்த்திருந்தாள். மாடியில் குடியிருந்த கணக்கு டியூஷன் வாத்தியாரும் அதே சமயத்தில் ஒரு பிரிண்டர் வாங்கி, அதே ‘பன் வெந்தாச்சு’வில் சேர்த்திருந்தார். சின்னவளிடம் கேட்டுக்கொண்டு செய்ய வேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை. எங்களில் யாருக்கும் தோன்றியிருக்காது.

ஒரு காலையில் வாத்தியார் தன் பிரிண்டருக்கு அனுப்பிய வினாத்தாள் கீழே போய்ச் சேர்ந்தது. தட்டில் இருந்தது ஒரே ஒரு சர்க்கரைத் தாள். சின்னவள் அனுப்பியிருந்த படம், ரோஜாக்களுக்கு நடுவே சிரிக்கிற ஒரு வங்கி மேலாளர், வரிசையில் பின்னால் நின்றுவிட்டது. மேலாளருக்கு அன்று பணி ஓய்வு. சின்னவள் மண்டபத்தில் மேசை போடப் போயிருந்தாள். அங்கிருந்து போனில், “தாள் வந்திருக்கும், எடுத்து ஒட்டி அனுப்பிடும்மா” என்றாள்.

அக்கா தாளை எடுத்துப் பார்த்தாள். ‘எவையேனும் ஐந்து வினாக்களுக்கு விடையளி’ என்று தொடங்கிப் பன்னிரண்டு கேள்விகள். ஒரு நிமிடம் யோசித்தாளாம். பேங்க்காரர்தானே, ஆசைப்பட்டுக் கணக்கு கேட்டிருப்பார் என்று முடிவு கட்டி, ஒரு சுருக்கம் விழாமல் ஒட்டி, சுற்றிலும் பதினாறு கிரீம் ரோஜா வைத்து அனுப்பினாள். வேலையைக் குறை சொல்ல முடியாது. கத்தியோடு குனிந்த மேலாளர் கூட்டு வட்டியில் நின்றுவிட்டார். வந்திருந்தவர்களில் இரண்டு பேர் ஏழாவது கேள்வியே தப்பு என்று சண்டை போட்டதாகவும் கேள்வி.

மண்டபத்துக்காரர் சாயங்காலம் பேசினார். சின்னவளின் கேக் வேலையில் பாதி அந்த மண்டபத்திலிருந்து வருவது. இன்னொரு தடவை இப்படி நடந்தால் வேறு கடை பார்த்துக்கொள்வதாகச் சத்தமில்லாமல் சொல்லிவிட்டு வைத்துவிட்டார். சத்தம் போட்டிருந்தால் சின்னவள் அவ்வளவு பயந்திருக்க மாட்டாள்.

மறுநாள் மதியம் மழை வருகிற புழுக்கம். புழுக்கத்தில் மாவு அவசரப்படும். தொட்டியின் விளிம்பைத் தாண்டி எட்டிப் பார்க்கும். மூன்று பேரும் மேசையைச் சுற்றி நின்று பன் உருட்டிக்கொண்டிருந்தார்கள். பேக்கரிக்காரர் தகட்டால் மாவை வெட்டி வெட்டித் தள்ளுவார். மற்றவர்கள் உள்ளங்கைக்கு ஒன்றாக ஒரே நேரத்தில் இரண்டு உருண்டை பிடிப்பார்கள். அந்த மேசையில் நாலு பேருக்கு இடம். மனைவிக்கு, மகளுக்கு, தனக்கு என்று தள்ளிவிட்டு நாலாவது துண்டை அவர் கை இன்னும் ஜன்னல் பக்கம் தள்ளும். அங்கே யாரும் இல்லை. துண்டுகள் குவிந்தபிறகு அவரே போய் நின்று உருட்டுவார்.

“நாளைக்கு சிக்னல் அண்ணன் வர்றார்” என்றாள் சின்னவள். சிக்னல் என்பது நெட்வொர்க் வேலை பார்க்கிறவருக்கு நாங்கள் வைத்த பெயர். “புது ரவுட்டர் ஆர்டர் போட்டுட்டேன். பேரை மாத்தி, பாஸ்வேர்டை மாத்தி, நம்ம வீட்டுச் சாமான் மட்டும்தான் அதுல. தெருவுக்கு டாட்டா.”

“பாஸ்வேர்டு மாத்த வேண்டாம்” என்றாள் அக்கா.

“பின்ன எதை மாத்துறது? ஜன்னல் துணியையா?”

“பிரிண்டருக்கு மட்டும் ஒரு ஒயர் போட்டுக்கோ.”

“நடுவுல அடுப்பு இருக்கும்மா. ஒயரும் வெந்து வரும். தட்டுல வச்சு வித்துடலாமா?”

“வாத்தியாரை வேணும்னா நான் சொல்லி நிறுத்துறேன்.”

“அவரை நிறுத்துவே. எதிர் வீட்டுத் துணி துவைக்கிற மெஷின்கூட நம்ம ஒயர்லெஸ்லதான் ஓடுது. அதுகிட்டயும் போய்ச் சொல்லுவியா?”

“துணிதானே துவைக்குது, துவைச்சுட்டுப் போகட்டும்.”

“அம்மா, நீ ஏன் வேண்டாங்கிறேன்னு எனக்குத் தெரியும்.”

“தெரிஞ்சா பேசாம உருட்டு.”

பேக்கரிக்காரர் தகட்டை மேசையில் ஒரு தட்டு தட்டினார். மாவு ஒட்டியிருந்தாலும் அப்படித்தான் தட்டுவார், பேச்சு போதும் என்றாலும் அப்படித்தான் தட்டுவார். அவர்கள் வீட்டுக்கு அது புரியும்.

பெரியவன் போனது இந்த ரவுட்டர் வந்த அன்று. காலையிலிருந்து ஏணியில் நின்று சுவரில் துளை போட்டுக்கொண்டிருந்தான். அடுப்பைப் பார்த்துக்கொள் என்று அப்பா சொல்லிவிட்டு மாவு வாங்கப் போயிருந்தார். அவன் பார்த்தது ரவுட்டரின் விளக்கை. அது பச்சையாக எரிந்த நேரத்தில் அடுப்புக்குள் முந்நூறு பன் கறுப்பாகிவிட்டது. திரும்பி வந்தவர் இருநூற்றிருபதில் இருந்தார். வாசலில் பன்னுக்கு நின்ற எங்கள் எல்லார் முன்னாலும், “உன் கை பட்டா மாவுகூட எழும்பாதுடா” என்றார். அவன் ஏப்ரனைக் கழற்றி நாலாக மடித்து, ஜன்னல் பக்கம் தன் இடத்தில் வைத்துவிட்டுப் போனான். சாப்பாட்டுக்கு வந்துவிடுவான் என்று நினைத்தோம். எங்களில் ஒருவர் அவன் முதுகுக்குப் பின்னாலேயே பாஸ்வேர்டு என்னவென்று கேட்டார். அவன் நின்று சொல்லிவிட்டுத்தான் போனான்.

போவதற்கு முன்னால் ரவுட்டருக்குள் ஒவ்வொரு சாதனத்துக்கும் பெயர் எழுதி வைத்திருந்தான்: அம்மா, சின்னவள், கடை, பெரியவன். அப்பாவிடம் இருந்தது பட்டன் போன், அதனால் அப்பா இல்லை. யார் இணைந்தாலும் அம்மாவின் போனில் ஒரு சின்ன மணி அடித்துப் பெயர் காட்டும்படியும் செய்திருந்தான். தெரு முழுவதும் சேர்ந்துகொண்ட பிறகு அந்த மணி ஓயாமல் அடித்தது. சின்னவள் அதை நிறுத்தித் தருவதாகச் சொன்னாள். அக்கா விடவில்லை. நாள் முழுவதும் கணினிகளும் கைபேசிகளும் துணி துவைக்கிற மெஷினும் வந்து போகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டே பன்னுக்குச் சர்க்கரைத் தண்ணீர் தடவினாள்.

எட்டு மாதம் கழித்து ஒரு மழை நாளில் மணி அடித்து, ‘பெரியவன்’ என்று காட்டியது.

அக்கா தூரிகையோடு தெருவுக்கு ஓடினாள். மருந்துக்கடை முனைவரைக்கும் மழை மட்டும்தான் இருந்தது. மருந்துக்கடை வாசலில் ஒதுங்கியிருந்த கூரியர்க்காரரிடம், “இங்க யாராச்சும் நின்னாங்களா?” என்று கேட்டாள். “யாரையும் பார்க்கலையேக்கா” என்றார். பதினோரு நிமிடம் கழித்துப் பெயர் மறைந்தது.

அதிலிருந்து இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை, மூன்று வாரத்துக்கு ஒரு தடவை வரும். ஏழு நிமிடம், ஒன்பது நிமிடம். அக்கா காலண்டரில் அந்தத் தேதியைப் பென்சிலால் வட்டம் போடுவாள். ஒவ்வொரு முறையும் ஓடுவாள். தேடுகிற முகம் இல்லாவிட்டால் தெரு காலியாகத்தான் தெரியும். பிறகு ஓடுவதைக் குறைத்துக்கொண்டு, போனைக் கையில் வைத்துப் பெயர் மறைகிறவரைக்கும் பார்த்துக்கொண்டிருக்கப் பழகினாள். வருகிறான், எங்கேயோ நிற்கிறான், வீட்டைப் பார்க்கிறான், போகிறான். கோபம் தணிந்தால் ஒருநாள் உள்ளே வருவான். பாஸ்வேர்டை மாற்றிவிட்டால் அந்த ஏழு நிமிடமும் போய்விடும். அவளுக்கு நெட்வொர்க் என்றால் அவ்வளவுதான்.

இதெல்லாம் எங்களுக்கும் தெரியும். தெரிந்துகொண்டேதான் அவர்கள் ரவுட்டரில் படம் பார்த்தோம்.

சிக்னல் மறுநாள் பதினோரு மணிக்கு வந்தார். புது ரவுட்டர் இன்னும் வந்து சேரவில்லை. ஆள் சும்மா இருக்கிற ரகமில்லை என்பதால், அதற்குள் பழையதில் யார் யார் இருக்கிறார்கள் என்று பார்க்கலாமே என்று மடிக்கணினியைக் கல்லா மேசையில் விரித்தார். விஷயம் பரவி, வேலை வெட்டி உள்ளவர்கள்கூட வாசலுக்கு வந்துவிட்டோம். எல்லார் முகத்திலும் ரேஷன் கார்டு ரத்தாகப் போகிற கவலை.

“மொத்தம் நாற்பத்தி மூணு” என்றார் சிக்னல். “ரயில்வே ஸ்டேஷன்ல இவ்வளவு இருக்காது. ‘ராஜா வீட்டு டிவி’ யாருது?”

தையற்காரர் கூரையைப் பார்த்தார்.

“‘தேவதை’?”

மருந்துக்கடைக்காரர் இருமினார். அவருக்கு ஐம்பத்தெட்டு வயது.

“‘தொடாதே’ன்னு ஒண்ணு இருக்கே?”

“அது என் பொண்ணு போன்” என்றார் வாத்தியார். “அண்ணே, தூக்கறதா இருந்தா முதல்ல அதைத் தூக்குங்க. பரீட்சை வருது.”

“சார், முதல்ல உங்க பிரிண்டரைத்தான் தூக்கணும்” என்றாள் சின்னவள்.

“ஏம்மா, அந்த ஏழாவது கணக்கு சரிதாம்மா. அவங்களுக்குப் போடத் தெரியலை.”

சிரித்துக்கொண்டிருந்தோம். அப்போதுதான் உள்ளேயிருந்து அந்த மணி அடித்தது. மடிக்கணினியின் பட்டியலிலும் கீழே ஒரு வரி புதிதாக ஏறியது. சிக்னல் வெளித்தெருக்காரர், அவருக்கு எதுவும் தெரியாது. “நாற்பத்தி நாலு. ‘பெரியவன்’. இது யாருங்க?” என்றார் சத்தமாக.

பேக்கரிக்காரர் மாவு மெஷினை நிறுத்தினார். பாதி பிசைந்த மாவை அவர் நிறுத்தி நாங்கள் பார்த்ததில்லை. அக்கா கையெல்லாம் மாவோடு போனைப் பிடித்தபடி வெளியே வந்து, எங்களை விலக்கிக்கொண்டு படியிறங்கினாள்.

தெருவில் யாருமில்லை. நேராக எங்களைப் பார்த்து நடந்து வந்தது கூரியர்க்காரர் மட்டும்தான். நரைத்த மீசை, ஒரு கையில் அட்டைப்பெட்டி, ஒரு கையில் விரிசல் விட்ட போன்.

“பேக்கரிக்கு ரவுட்டர் ஒண்ணு வந்திருக்குக்கா. ஒரு நம்பர் வந்திருக்கும், சொல்லுங்க.”

அக்கா அவரைத் தாண்டித் தெருமுனையைப் பார்த்தாள். “வர்ற வழியில யாராச்சும் நின்னாங்களா?”

“இல்லக்கா” என்றார் வழக்கம்போல.

சிக்னல் கதவுக்கு வந்து நின்றார். அவர் தொழிலில் இதெல்லாம் ஒரு நொடியில் பிடிபட்டுவிடும். “அண்ணே, உங்க போன்ல ஒயர்லெஸ்ஸைக் கொஞ்சம் அணைங்க” என்றார்.

கூரியர்க்காரர் அணைத்தார். மேசையில் ‘பெரியவன்’ மறைந்தது.

“போடுங்க.”

அக்காவின் கையிலிருந்த போனில் மணி அடித்தது.

சிக்னல் குரலைத் தாழ்த்திச் சின்னவளுக்கு விளக்கினார். ரவுட்டருக்கு ஆளைத் தெரியாது, போனைத்தான் தெரியும். ஒவ்வொரு போனுக்கும் உள்ளே ஒரு நம்பர் உண்டு, அந்த நம்பருக்கு எழுதி வைத்த பெயர் போன் யார் கைக்கு மாறினாலும் மாறாது. அவர் தாழ்த்திச் சொன்னாலும் மெஷின் நின்றிருந்ததால் எல்லாருக்கும் கேட்டது. இத்தனை வருடம் மருந்துக்கடை வாசலில் வண்டியை நிறுத்திப் பார்சல் பிரித்த கூரியர்க்காரரைத்தான் அக்கா போனில் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

“இந்த போன் உங்களுக்கு எப்படி வந்துச்சு?” என்றாள் அக்கா.

கூரியர்க்காரர் மிரண்டுவிட்டார். “நான் காசு கொடுத்துதான் வாங்கினேங்க. பார்சல் குடோன்ல ராத்திரி ஷிப்டுல ஒரு தம்பி இருந்தாரு. அவர்கிட்ட வாங்கினது. மூணு வருஷத்துக்கு மேல ஆகுது.”

“பேரு?”

“பேரு ஞாபகம் இல்லக்கா. எல்லாரும் பன்னுனு கூப்பிடுவோம். டீக்கடையில எந்த பன் வாங்கினாலும் ரெண்டாப் பிச்சு உள்ள பார்ப்பாரு. ‘இது சரியா எழும்பலை’ம்பாரு. கடைக்காரனுக்கும் அவருக்கும் தினம் தகராறு.”

மெஷினுக்குப் பக்கத்தில் பேக்கரிக்காரர் கையை ஏப்ரனில் துடைத்துக்கொண்டிருந்தார். துடைத்து முடித்த கையையே மறுபடி துடைத்தார்.

“இப்ப எங்க?”

“கப்பல்ல சமையல்கட்டுக்கு ஆள் எடுக்குறாங்கன்னு போனாருக்கா. புது நம்பர் கொடுத்தாரு, அது கொஞ்ச நாள்ல செத்துப்போச்சு. போறதுக்கு முன்னாடிதான் போனை வித்தாரு. உள்ள இருந்த எல்லாத்தையும் அழிச்சுட்டு, இந்த ஒயர்லெஸ்ஸை மட்டும் அவரே உட்கார்ந்து திரும்ப அடிச்சுக் கொடுத்தாரு. ‘உங்க லைன்ல அந்தத் தெரு வருதுல்ல, போனா தானாப் பிடிச்சுக்கும். இதை மட்டும் அழிச்சுடாதீங்க’ன்னாரு. நல்ல மனுஷன், எனக்கு டேட்டா மிச்சமாகட்டும்னு பார்க்குறாரேன்னு நினைச்சேன்.”

அக்கா தலையை ஆட்டினாள். “மெலிஞ்சிருந்தானா?”

“அதை நான் கவனிக்கலையேக்கா.” கொஞ்சம் யோசித்து, அவளுக்குக் கொடுக்க ஏதாவது இருக்கிறதா என்று தேடுகிறவர் மாதிரி, “மூட்டையெல்லாம் நல்லாத் தூக்குவாரு” என்றார்.

அவள் உள்ளே போய், அப்போதுதான் இறக்கிய தட்டிலிருந்து ஒரு பன்னை எடுத்து வந்து அவர் கையில் வைத்தாள். கூரியர்க்காரர் பெட்டியைப் படியில் வைத்துவிட்டு அதை இரண்டாகப் பிய்த்து உள்ளே பார்த்தார். ஆவி வந்தது. “அவர்கூட இருந்து எனக்கும் இந்தப் பழக்கம் வந்துடுச்சு” என்று சொல்லிவிட்டு, “நல்லா எழும்பியிருக்கு” என்றார். வாயில் போட்டுக்கொண்டு வேகமாகப் போய்விட்டார். நம்பர் வாங்க மறந்துவிட்டார். அதற்காக அவருக்கு ஆபீசில் ஏச்சு விழுந்ததாகப் பிறகு தெரிந்தது.

அதன்பிறகு வேலை நடந்தது. வேலை இருந்தது நல்லதாகப் போயிற்று. சிக்னல் ஏணியில் ஏறிப் பழையதை இறக்கினார். துடைத்ததும் அது கறுப்பாகிவிட்டது. அடியில் பெரியவன் எழுதி ஒட்டியிருந்த சீட்டு அடுப்புச் சூட்டில் பழுத்து, எழுத்து போயிருந்தது. அக்கா அதை மட்டும் உரித்து வாங்கிக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்தாள். சின்னவள் புது நெட்வொர்க்குக்குக் ‘கடை’ என்று பெயர் வைத்தாள். பாஸ்வேர்டு இருபத்திரண்டு எழுத்து. பெரிய எழுத்து, சின்ன எழுத்து, எண், குறி எல்லாம் கலந்து எவராலும் கண்டுபிடிக்க முடியாதது. அவளுக்கே நினைவில் நிற்காததால் ஒரு சீட்டில் எழுதி ரவுட்டருக்கு அடியில் ஒட்டி வைத்தாள். பிரிண்டர், கல்லாக் கணினி, இரண்டு போன். அவ்வளவுதான் உள்ளே.

“முடிஞ்சுது” என்றார் சிக்னல். “இதுல விருந்தாளிக்குன்னு தனியா இன்னொரு நெட்வொர்க் போடலாம். அதுல வர்றவங்க உங்க பிரிண்டரைத் தொட முடியாது. வேணுமா?”

“வேண்டாம்” என்றாள் சின்னவள். அம்மாவைப் பார்க்காமல் சொன்னாள். “அந்தப் பேரை வச்சிருந்தது ஒரு போனுக்காக. அந்த போனே வேற ஆள்கிட்ட இருக்குனு ஆயிடுச்சு. இனிமே எதுக்கு?”

அவள் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. அக்கா சீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“போடு” என்றார் பேக்கரிக்காரர்.

எல்லாரும் திரும்பினோம். அவர் வெட்டுத் தகட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் நின்றிருந்தார்.

“என்ன பேர் வைக்கட்டும்ணே?”

“பழைய பேர்தான்.”

“அப்பா” என்றாள் சின்னவள்.

“இரு. போன் போனா போகுது. புதுசு வாங்கியிருப்பான்ல? என்னைக்காவது இந்தப் பக்கம் வந்து போனைத் திறந்தா, இந்தப் பேரு கண்ணுல படணும். வச்சவனே அவன்தானே, அடிக்கத் தெரியாதா அவனுக்கு?”

சிக்னல் அடித்தார். “பாஸ்வேர்டு?”

சின்னவள் வாயைத் திறந்தாள், மூடிக்கொண்டாள். அக்கா நிமிர்ந்து பார்த்தாள். எங்களில் யார் வேண்டுமானாலும் சொல்லியிருக்கலாம், தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவோம். வாசலில் பதினைந்து பேர் பாஸ்வேர்டை வாயில் வைத்துக்கொண்டு நின்றோம்.

“அப்பா” என்றார் பேக்கரிக்காரர்.

“ம். அப்பா... அப்புறம்?”

“கோபம்.”

“கோபம்.”

“இருநூத்தி இருபது.”

சிக்னல் தொண்டையைச் செருமினார். “இது ரொம்ப பலவீனமான பாஸ்வேர்டுண்ணே. ஊருக்கே தெரியும். கடைசியில ரெண்டு எழுத்தாவது சேர்த்துக்கலாமே.”

“ஒரு எழுத்து மாத்தக் கூடாது” என்றார். பிறகு, “தெரிஞ்சவங்க இருந்துட்டுப் போகட்டும்” என்று தகட்டை மேசையில் தட்டினார்.

சிக்னல் மூட்டை கட்டும்போது ஞாபகம் வந்தவர் மாதிரி அக்காவிடம் கேட்டார். “அந்தப் பெரியவன்ங்கிற பேரைப் புது ரவுட்டர்லயும் எழுதி வைக்கட்டுமாக்கா? அந்தக் கூரியர் போனுக்கே?”

“வேண்டாம் தம்பி. வந்தா அவனே எழுதிக்குவான். யார் வந்தாலும் அந்த மணி மட்டும் அடிக்கிற மாதிரி பண்ணிடுங்க.”

அன்று சாயங்காலம் என்ன நடந்தது என்று சரியாகச் சொல்வது கஷ்டம். கூட்டம் எதுவும் போடவில்லை. யாரும் யாரிடமும் பேசிவைத்துக்கொள்ளவில்லை. தையற்காரர் போனை எடுத்து ‘பன் வெந்தாச்சு’ மேல் விரலை அழுத்திப் பிடித்தார். ‘இந்த நெட்வொர்க்கை மறந்துவிடவா?’ என்று போன் கேட்டது. அவர் ஆம் என்றார். மருந்துக்கடைக்காரர் ‘தேவதை’யை வெளியே கொண்டுவந்தார். எதிர் வீட்டுக்காரர் துணி துவைக்கிற மெஷினுக்கு எப்படிச் சொல்வது என்று தெரியாமல் அரை மணி நேரம் புத்தகம் படித்தார். மறுநாள் பார்சல் கொண்டுவந்த கூரியர்க்காரரும் மருந்துக்கடை வாசலில் நின்று, போனைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்து அழுத்தினார். அவர் மட்டும் அழுத்துவதற்கு முன்னால் கொஞ்ச நேரம் யோசித்தார். அந்த மாதத்திலிருந்து நாங்கள் எல்லாரும் இணையத்துக்குக் காசு கொடுக்கிறோம். நாங்கள் இப்படி ஒத்துப்போனது எங்கள் தெரு வரலாற்றில் இது முதல் தடவை. மறுபடி நடக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

ஒரே ஒரு தடவை வாத்தியார் தவறிவிட்டார். பழைய டேப்லெட் ஒன்றைப் பெட்டியிலிருந்து எடுத்துச் சார்ஜில் போட்டார், அது நினைவு வைத்திருந்ததை அவர் மறந்திருந்தார். கீழே மணி அடித்தது. அக்கா தெருமுனைவரைக்கும் ஓடி, மூச்சு வாங்கத் திரும்பி வந்தாள். பின்னாலேயே பேக்கரிக்காரரும் போயிருந்தார். செருப்பில்லாமல், அடுப்பை அப்படியே விட்டுவிட்டு. அன்று எழுபது பன் கறுப்பாகிவிட்டது. யாரும் யாரையும் எதுவும் சொல்லவில்லை. வாத்தியார் இறங்கி வந்து படியில் நின்றார். அவருடைய கணக்குத் தப்பி நாங்கள் பார்த்தது அன்றுதான். கருகின பன்னில் பத்து வாங்கிக்கொண்டு மேலே போனார்.

இப்போதும் எங்கள் தெருவுக்குள் வந்து நீங்கள் போனைத் திறந்தால் முதலில் அந்தப் பெயர்தான் நிற்கும். பன் வெந்தாச்சு. பக்கத்தில் ஒரு சின்னப் பூட்டு, முழு சிக்னல். பாஸ்வேர்டு எல்லாருக்கும் தெரியும். புதிதாகக் குடிவந்தவர்கள் கேட்டால் தெரியாது என்று சொல்லிவிடுகிறோம்.